பதினாலு பக்கத்துத் தாய்மாமன்

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. இடம் இருக்கிறது, நகர்ந்து உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் இருக்கட்டும், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தால் போதும். ஒரு காதுகுத்துப் பத்திரிகை இரண்டு அண்ணன்மாரைப் படுத்திய பாட்டை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் கொஞ்சம் அழும். அதுவும் ஊசிக்காகத்தான்.

போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் சூர்யகலா என்று ஒருத்தி. அவள் புருஷன் பால்பாண்டி குரங்கணிக்கும் அதற்கு மேலே இருக்கிற எஸ்டேட்டுகளுக்கும் ஜீப் ஓட்டுகிறான். அவள் வீட்டிலிருந்தபடியே பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் என்று பக்கம் கட்டிக் கொடுக்கிறாள். அச்சடிப்பது மதுரையில்.

மற்றவர்கள் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பிடித்து இங்கும் அங்கும் இழுத்து வைப்பார்கள். சூர்யகலா அப்படிச் செய்வதில்லை. அவளிடம் க்ராஃப் என்று ஒரு பழைய மென்பொருள். அதற்கு எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, இதைத் தடிப்பாகப் போடு, இங்கே இடம் விடு, இந்தப் படத்தை நடுவில் வை என்று கட்டளை கட்டளையாக எழுதுவாள். இழுத்து வைத்த எழுத்து எதனால் நகர்ந்தது என்று யாருக்கும் தெரியாது, எழுதி வைத்ததற்கு எழுத்திலேயே காரணம் இருக்கும் என்பாள்.

அதில் பொறி என்று ஒரு சங்கதி உண்டு. பயப்படாதீர்கள், எலிப்பொறி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தாளில் எழுத்து மேலிருந்து வரிவரியாக இறங்கி வருகிறது அல்லவா? அடி விளிம்புக்கு மூன்று சென்டிமீட்டர் மேலே ஒரு பொறி இருக்கட்டும் என்று எழுதி வைத்தால், எழுத்து அந்த உயரத்தைத் தொட்டதும் பொறி விழும். பக்க எண் போடு, கோடு இழு, பெயரைப் போடு என்று அதற்குள் என்ன சொல்லி வைத்தோமோ அது நடக்கும். அடுத்த பக்கத்திலும் அதே உயரத்தில் பொறி காத்திருக்கும். நாம் எடுக்கிறவரை போகாது.

ஒரே தடவை விழுந்தால் போதும் என்றால், விழுந்த பிறகு தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும்படி பொறிக்குள்ளேயே ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு, பொறியின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட வேண்டும். அந்த உயரத்தில் நிற்கிற பொறி போய்விடும். அங்கே ஒன்றும் நிற்காவிட்டால் ஒன்றும் நடக்காது. தப்பு என்றும் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். இன்னொன்று. ஒரு உயரத்தில் ஒரு பொறிதான் நிற்கும். அதே இடத்தில் புதியதை வைத்தால் பழையது விலகிவிடும். அவ்வளவுதான், இனிப் பாடம் கிடையாது.

இப்போது கார்த்திகா வருகிறாள். போடியில் ஒரு கடையில் ஏலக்காயைத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. மகள் கார்முகிலுக்கு மூன்று வயது முடியப்போகிறது, காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள், நம் பக்கத்தில் அதற்கு மாற்றே இல்லை. கார்த்திகாவுக்குத் தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை. அண்ணன்மார் இரண்டு பேர். மூத்தவர் ராஜாராம், தேவாரத்தில் தென்னையும் வாழையும் வைத்திருக்கிறார். இளையவர் திருப்பதி, மலைமேலே ஏலக்காய் எஸ்டேட்டில் மேஸ்திரி. இரண்டு பேரும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

தகப்பனார் இறந்த அன்று நல்ல மழை. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் வரவில்லை. திருப்பதி நடந்தே இறங்கினார். வந்துகொண்டிருக்கிறேன் என்று போனும் போட்டார். ஊர்ப் பெரியவர்கள் அவசரப்படுத்த, ராஜாராம் கொள்ளி வைத்து முடித்துவிட்டார். திருப்பதி வந்து பார்த்தது சாம்பலை. அன்றைக்கு அறுந்த பேச்சு.

கார்த்திகா வேறெதுவும் கேட்கவில்லை. விருந்து சின்னதாக இருக்கட்டும், சீர் வராமலே போகட்டும். தன்னை மாறி மாறித் தோளில் தூக்கித் திரிந்த இரண்டு பேரும் தன் மகளுக்குக் காது குத்தும்போது ஒரே பந்தலில் இருக்க வேண்டும். பத்திரிகைக்குச் சொல்ல வந்தவள் சூர்யகலாவிடம் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பெரியண்ணன், மூத்தவன் பேரு முன்ன வரணுங்குது. சின்னண்ணன், அவன் பேருக்குக் கீழ என் பேரப் போட்டா பந்தல் பக்கம் தல காட்டமாட்டேங்குது. நான் என்னக்கா செய்ய?”

சூர்யகலா கொஞ்ச நேரம் தாளை மடித்து மடித்துப் பார்த்தாள்.

“பதினாறு பக்கத்துப் பொஸ்தகமாப் போடுவோம். ஒங்க சொந்தக்காரக பேருக்கு அது வேணும். அட்டையைத் தொறந்தா ரெண்டாம் பக்கமும் மூணாம் பக்கமும் எதிரெதிரா இருக்கும். ரெண்டாம் பக்கத்து அடியில பெரியவரு. மூணாம் பக்கத்து அடியில சின்னவரு. ஒரே ஒசரம், ஒரே எழுத்து. முன்ன வர்றவரு முன்ன வந்தாச்சு, யாரும் யாருக்கும் கீழ இல்ல.”

கார்த்திகா போனிலேயே இரண்டு அண்ணனிடமும் கேட்டாள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மலைமேலே இருக்கிற திருப்பதி, போதும் போதும் என்பதை ‘மதி, மதி’ என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டார்.

சூர்யகலா பொறியை எழுதினாள். அட்டை முடிந்ததும் மூன்று சென்டிமீட்டரில் அண்ணன் பொறி. அது விழுந்தால் ராஜாராம் பெயரைப் போடும், தன்னை எடுத்துக்கொள்ளும், அதே மூன்று சென்டிமீட்டரில் தம்பி பொறியை வைத்துவிட்டுப் போகும். தம்பி பொறி அடுத்த பக்கத்தில் விழும், திருப்பதி பெயரைப் போடும், தன்னை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் எந்தப் பக்கத்து அடியிலும் ஒன்றும் கிடையாது. பதினாறு பக்கத்தையும் ஓடவிட்டுப் பார்த்தாள். எழுதியது எழுதியபடி வந்திருந்தது.

மறுநாள் ராஜாராம் தாமாகவே தேவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார், தம் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். சூர்யகலா இரண்டாவது மூன்றாவது பக்கத்தைத் தாளில் எடுத்துக் கொடுத்தாள். அவர் மடித்து, கையில் பிடித்து, தள்ளி வைத்துப் பார்த்தார்.

“ஆத்தா, நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இப்பிடிப் புடிச்சா என் பெருவெரலு என் பேரையே மறைக்குதே. பாக்குறவுக அத்தன பேரும் இப்பிடித்தான புடிப்பாக? கொஞ்சம் ஒசத்திப் போடு.”

“ஒங்க பேர மட்டும் ஒசத்துனா தம்பி எறங்கிருவாரேண்ணே.”

“ரெண்டையும் ஒசத்து. அதுக்கு ஒரு பஞ்சாயத்து வேண்டாம். வெரசாப் போடு, பஸ்சு கெளம்பிரும்.”

அவள் மூன்றை மூன்றரை ஆக்கினாள். அண்ணன் பொறியை வைக்கிற இடத்தில் மாற்றினாள், தம்பி பொறியை வைக்கிற இடத்தில் மாற்றினாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டினாள். பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார். அவள் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிட்டாள்.

பொறியை எடுக்கிற வரியில் பழைய மூன்று அப்படியே இருந்தது, கண்ணுகளா. இரண்டு பொறியிலும்.

நாலாம் நாள் காலையில் அறுநூறு பத்திரிகைக் கட்டு மதுரை பஸ்ஸில் வந்தது. பால்பாண்டி அதை இறக்கி ஜீப்பின் முன்சீட்டில் போட்டுக்கொண்டு, ஏறவேண்டிய ஆட்களை ஏற்றிக் குரங்கணிக்குப் போய்விட்டான். மத்தியானம் திரும்பி வந்தபோது கட்டு அவிழ்ந்திருந்தது, ஒன்று குறைந்திருந்தது.

“சின்னவரு குரங்கணியில நின்னாப்ல. ‘எங்க தங்கச்சி வீட்டுப் பத்திரிகையா, கொண்டா மாப்ளே’ன்னு ஒண்ண உருவிட்டாப்ல. நான் என்னன்னு தடுக்க?”

தாய்மாமன் கைக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அதனால் அதில் ஒன்றும் குற்றமில்லை. சூர்யகலா ஒரு பத்திரிகையை எடுத்துப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்து அடியில் தாய்மாமன் ராஜாராம். மூன்றாம் பக்கத்து அடியில் தாய்மாமன் திருப்பதி. அழகாகத்தான் இருந்தது. நாலாம் பக்கம், பங்காளிகள் பட்டியல். அதன் அடியிலும் தாய்மாமன் திருப்பதி. ஐந்தாம் பக்கத்திலும் தாய்மாமன் திருப்பதி. வாண்டுகள் சேர்ந்து அழைக்கிற பக்கத்திலும், கோயிலுக்கு வழி காட்டுகிற பஸ் ரூட்டுக்கு அடியிலும், கடைசிப் பக்கத்துக் குலசாமி படத்துக்குக் கீழேயும் அவரே நின்றார்.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அண்ணன் பொறி விழுந்தது, தன்னை எடுக்கப் பார்த்தது. மூன்றில் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றரையில் தம்பி பொறியை வைத்ததும் பழையது விலகிவிட்டது. அதனால் பெரியவர் ஒரு தடவையோடு தப்பினார். தம்பி பொறியை விலக்க அதற்குப் பிறகு ஆளில்லை. அது மூன்றில் தேடித் தேடி, ஒன்றும் கிடைக்காமல், மூன்றரையில் உட்கார்ந்தபடியே பக்கத்துக்குப் பக்கம் விழுந்திருக்கிறது. பதினாலு இடத்தில்.

“அவரு இதப் பாத்தாரா?” என்று கேட்டாள்.

“பாக்காம? பொரட்டிப் பொரட்டிப் பாத்தாப்ல. ‘மாப்ளே, இது அண்ணனுக்குத் தெரியுமா’ன்னு கேட்டாப்ல. அவரு பாத்துச் சரின்னு சொன்ன பொறவுதான் அச்சுக்கே போச்சுன்னேன். நான் சொன்னது நெசந்தான?”

“நெசந்தான். அதான் வெனையே. பொறவு?”

“மடிச்சுப் பையில வச்சாப்ல. ‘அப்ப வர்றேன்னு தங்கச்சிட்டச் சொல்லு’ன்னாப்ல.”

சூர்யகலா கார்த்திகாவைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் வேலையிலிருந்து ஓடி வந்தாள், கை முழுக்க ஏலக்காய் வாசனை. பத்திரிகையைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி அடிக்க நாள் இருந்தது. விசேஷத்துக்கு இன்னும் எட்டு நாள். தப்பு தன்னுடையது, புதிதாக அடித்துத் தந்துவிடுகிறேன் என்று சூர்யகலா சொன்னாள். ஆனால் சிக்கல் அங்கே இல்லை. பதினாலு பக்கத்தைக் கண்ணால் பார்த்தவர் கையில் பெயர் ஒரே பக்கத்தில் வருகிற பத்திரிகையைக் கொடுத்தால், அண்ணன் சண்டை போட்டு நம் பெயரை எடுக்க வைத்துவிட்டான் என்று மலையிலேயே உட்கார்ந்துவிடுவார். இதையே கொடுத்தால் பெரியவர் தேவாரத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

“ஒண்ணும் மறைக்க வேண்டாம்,” என்றாள் சூர்யகலா. “பெரியவருகிட்டப் போயி நடந்தத நடந்தபடி சொல்லுவோம். என்ன திட்டுனாலும் திட்டு எனக்குத்தான்.”

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. மூன்று பேரும் ஜீப்பில் தேவாரம் போனார்கள். முந்தாநாள் யானை இறங்கி வாழையில் புகுந்திருந்தது. ராஜாராம் வேலிக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுந்தரம்மாள் மிதிபட்ட மரத்திலிருந்து தப்பிய காயை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தட்டை வாங்கிக்கொண்டு, கையைத் துண்டில் துடைத்து, ராஜாராம் பத்திரிகையைத் திறந்தார். முகம் மலர்ந்தது. பெருவிரல் பெயருக்குக் கீழே இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். திருப்பத் திருப்ப அவர் கை மெதுவானது.

சூர்யகலா எழுதிய கட்டளைத் தாளையே கொண்டுவந்திருந்தாள். வைத்த இடத்தில் மூன்றரை, எடுக்கிற இடத்தில் மூன்று என்று விரல் வைத்துக் காட்டினாள். அரைச் சென்டிமீட்டர் ஏற்றச் சொன்னபோது இந்த இரண்டு வரியைத் திருத்த மறந்தது தான்தான் என்றாள். முழுப் பத்திரிகையையும் ஓடவிட்டுப் பார்க்காததும் தான்தான் என்றாள்.

சுந்தரம்மாள் எட்டிப் பார்த்தார்.

“ஒசத்தச் சொல்லிட்டு வந்தீகள்ல. ஒசந்துட்டாரு, ஒங்க தம்பி.”

“நீ சும்மா இரு.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். பஸ்சு ரூட்டுக்குப் பொறுப்பும் அவருதானா?”

பால்பாண்டி சிரிப்பை அடக்க வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான். ராஜாராம் சிரிக்கவில்லை. “இத அவன் பாத்துட்டானா?” என்று கேட்டார்.

“பாத்துட்டாருண்ணே,” என்றாள் கார்த்திகா.

“என்ன சொன்னான்? மாப்ளே, இங்கிட்டு வா. ஒரு சொல்லு விடாமச் சொல்லு.”

பால்பாண்டி சொன்னான். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், வர்றேன் என்றதையும். ராஜாராம் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு வெட்டிப் போட்டிருந்த வாழை மட்டைமேல் உட்கார்ந்தார். பத்திரிகையை மடியில் வைத்து, மூன்றாம் பக்கத்திலிருந்து பதினாறாம் பக்கம் வரை ஒவ்வொரு அடியாகப் பார்த்தார்.

“ஆறு வருஷமா என்னப் பத்தி அவன் ஒரு கேள்வி கேட்டதில்ல,” என்றார் கடைசியில். “இன்னைக்குக் கேட்டிருக்கான். நான் சரின்னு சொன்னேனான்னு.”

“புதுசா அடிச்சுத் தந்துர்றேண்ணே,” என்றாள் சூர்யகலா. “சின்னவருகிட்ட நானே மேல போயி, என் தப்புதான்னு சொல்லிர்றேன்.”

“வேண்டாம். அடிக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நான் சரின்னு சொன்னது உண்மதான.”

“நீங்க சொன்னது ரெண்டு பக்கத்துக்கு,” என்றார் சுந்தரம்மாள்.

“இப்ப பதினாறுக்கும் சொல்றேன்.” ராஜாராம் எழுந்தார். “எப்பிடி விழுந்துச்சுங்கறத அவனுக்கு நான்தான் சொல்லணும், என் வாயால. பொய்யில வந்து அவன் ஒக்கார வேண்டாம். கார்த்திகா, மத்தவுகளுக்குக் குடுக்க ஆரம்பி ஆத்தா. நாளு கெடக்குதுன்னு இருக்காத.”

ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டும் அப்படியே ஊருக்குள் போயின. வாங்கியவர்கள் எல்லாம் கேட்டார்கள். திருப்பதி எலக்சனில் நிற்கிறாரா என்றுகூட ஒருத்தர் கேட்டார். எங்கள் பெரியண்ணன் சம்மதத்தோடு வந்தது என்று மட்டும் கார்த்திகா சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பயம்தான். பந்தலில் வைத்து உண்மையைக் கேட்டதும் சின்னண்ணன் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது?

விசேஷத்தன்று காலையில் குரங்கணி போகிற வழியில் இருக்கிற குலசாமி கோயிலில் பந்தல். திருப்பதி எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, கூடவே தலையில் தேங்காய் பழத்தட்டோடு நாலு எஸ்டேட் ஆட்கள். அண்ணனைப் பார்த்ததும் நின்றார். ராஜாராம் தாமே நடந்து அவரிடம் போனார். கார்த்திகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே போய் நின்றாள். சூர்யகலாவும் நின்றாள், தப்பு அவளுடையது அல்லவா.

“தம்பி,” என்றார் ராஜாராம். “ஒக்காரும் முன்ன ஒண்ணு சொல்லணும். அந்தப் பத்திரிகையில ஒன் பேரு அத்தன எடத்துல வந்தது நான் சொல்லி வந்ததில்ல. அது தப்பா விழுந்தது.”

திருப்பதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்ணே,” என்றார்.

“தெரியுமா?”

“அன்னைக்கு வழியில நெசம்னுதான் நெனச்சேன். வீட்டுல போயி வெளிச்சத்துல வச்சுப் படிச்சேன். பொடுசுக கூப்புடுற பக்கத்துல ‘எங்க வீட்டுக் குட்டிப் பட்டாளம்’னு போட்டு, அதுக்குக் கீழ நான் நிக்கிறேன். நீ இதச் சொல்லிப் போட்டிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?”

“பொறவு எதுக்கு வந்த?”

“எட்டு நாளும் பாத்தேன். திருத்துன பத்திரிகை ஒண்ணு ஒன்கிட்டருந்து வரும்னு பாத்தேன். ஜீப்பு வரும்போதெல்லாம் மாப்ள கையத்தான் பாத்தேன். வரல.” திருப்பதி தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அதுக்குத்தான் வந்தேன்.”

ராஜாராம் தம்பியின் கையைப் பிடித்தார். பிடித்த கையோடு இரண்டு பேரும் பந்தலுக்குள் போனார்கள்.

பிள்ளையை யார் மடியில் வைப்பது என்று ஆசாரி கேட்டார். கார்த்திகா யோசிக்கவே இல்லை. இரண்டு அண்ணனையும் தொடை தொடையோடு ஒட்டி உட்காரச் சொல்லி, நடுவில் கார்முகிலை வைத்தாள். வலது காது குத்தும்போது அவள் பெரியவரை உதைத்தாள். இடது காதுக்குச் சின்னவர் முகத்தில் பிராண்டினாள். முடிந்ததும் இரண்டு பேரும் கொடுத்த மிட்டாயை வாங்கி, இரண்டு பேருக்கும் கொடுக்காமல் தானே தின்றாள். சுந்தரம்மாள் சாப்பாட்டுப் பந்தியில் கொழுந்தனுக்கு இலை போட்டுவிட்டு, பாயசம் பதினாலு தடவை ஊற்றவா என்று கேட்டார். ‘மதி அண்ணி, மதி’ என்று அவர் இலையை மறைத்தார்.

கார்த்திகா தூணில் சாய்ந்து நின்று அந்தப் பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூர்யகலா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கார்த்திகா கையை மட்டும் நீட்டி, இரண்டு இலைக்கும் நடுவே சோறு பரிமாறுகிறவன் போகவும் இடமில்லாமல் அண்ணன்மார் ஒட்டி உட்கார்ந்திருந்ததைக் காட்டினாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களா. எழுந்து போகும்முன் இதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மடி குறையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வரவேண்டியவர்கள் கோபத்தோடு கிளம்பினாலும் சிரிப்போடு வந்து சேரட்டும். பந்தியில் இலை போதாமல் போகிற அளவுக்கு உறவு பெருகி, போட்ட இலையெல்லாம் நிறைந்து, உங்கள் வீடு நல்லா இருக்கட்டும்.